முடிவு அவளுடையது, செலவு மட்டும் இவனுடையதா?

கேள்வியைச் சுருக்கி முதலில் வைத்துவிடுகிறேன். நண்பருக்கு 27 வயது, கோவையில் வேலை, கல்யாணம் ஆகவில்லை. காதலிக்கு இது பத்தாவது வாரம். இரண்டு பேருமே எதிர்பார்க்காத கர்ப்பம். "சேஃப் டேஸ்தான்" என்று அவள் சொன்னதை நம்பியிருக்கிறார். இப்போது நண்பர் கலைத்துவிடலாம் என்கிறார், அந்தப் பெண் பெற்றுக்கொள்வேன் என்று உறுதியாக நிற்கிறார். "பெறுவதா வேண்டாமா என்பதில் அவனுக்கு ஒரு ஓட்டுகூடக் கிடையாது. பிறந்துவிட்டால் பதினெட்டு வருஷம் பணம் மட்டும் அவன் கட்டணும். ஆண் பெண் சமம் என்று பேசுகிறவர்கள் இதை எப்படி நியாயம் என்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் குடும்ப நீதிமன்றத்திலும் ஜீவனாம்ச வழக்குகள் நடத்துகிறவள். பெரும்பாலும் பெண்கள் பக்கம் நின்றிருக்கிறேன், ஆண்களுக்கும் வக்காலத்து போட்டிருக்கிறேன். என் பார்வையில் கொஞ்சம் சாய்வு இருக்கும், அதைக் கழித்துக்கொண்டே படியுங்கள் தம்பி.

உங்கள் நண்பருக்கு ஓட்டு இருந்தது. பத்து வாரத்துக்கு முன்னால் இருந்தது. அன்றைக்கு அதைப் போடாமல் விட்டுவிட்டு, இன்றைக்கு இன்னொருத்தி உடம்பின் மேல் அந்த ஓட்டைக் கேட்கிறார். என் பதில் மொத்தமும் இதற்குள் அடங்கிவிடும். ஆனாலும் உங்கள் ஆதங்கத்தில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த "சேஃப் டேஸ்" கணக்கிலிருந்து ஆரம்பிப்போம். கருமுட்டை வெளிவந்தபின் ஒரு நாள்கூட முழுதாகத் தாங்காது. விந்தணு பெண்ணின் உடம்புக்குள் ஐந்து நாள்வரை உயிரோடு இருக்கும். ஆக மாதத்தில் ஆறு நாள்தான் கரு தரிக்கிற நாள்கள். அந்த ஆறு நாள் எப்போது வரும் என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் முட்டை வெளிவரும் தேதி மாதவிடாய் சீராக இருப்பவர்களுக்கே முன்பின் நகரும். பரீட்சை, காய்ச்சல், தூக்கமின்மை எதுவும் அதைத் தள்ளிப்போடும். இந்தக் கணக்கைப் போட வேண்டியது அவள், தப்பினால் பொறுப்பும் அவள் என்று இரண்டையும் ஒரே ஆளிடம் விட்டவர் உங்கள் நண்பர். அவரிடம் மாதத்தில் கரு உண்டாக்க முடியாத நாள் என்று ஒன்றுமே இல்லை. வருஷம் 365 நாளும் அவரால் ஒரு கர்ப்பத்தை உண்டாக்க முடியும். அப்படியிருக்கும்போது எச்சரிக்கை யாரிடம் அதிகம் இருக்க வேண்டும்? நடைமுறையில் தலைகீழாக இருக்கிறது.

கடைசி நேரத்தில் விலகிக்கொள்வதும் பலருக்கு ஒரு கருத்தடை முறைதான். அதை நம்பி ஒரு வருஷம் ஓட்டுகிற நூறு ஜோடிகளில் இருபது ஜோடிக்குக் கர்ப்பம் உண்டாகிறது. ஆணுறையை ஒவ்வொரு முறையும் சரியாகப் போட்டால் நூறில் இரண்டு. நாம் வழக்கமாகப் போடுகிற லட்சணத்தில், அதாவது பாதியில் மாட்டுவது, ஒருநாள் விட்டுவிடுவது எல்லாம் சேர்த்தால், பதின்மூன்று. ஆணுறை முழு உத்தரவாதம் இல்லைதான். ஆனால் அது அவர் கையில் இருந்தது, எந்த மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கும், டாக்டர் சீட்டு வேண்டாம், பக்கவிளைவு கிடையாது. 1968-லேயே அரசாங்கம் நிரோத் என்ற ஆணுறையை மூன்று பதினைந்து பைசாவுக்குப் பெட்டிக்கடைவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. கிடைக்கவில்லை என்று சொல்ல வழியில்லை.

இது உங்கள் நண்பர் ஒருவருடைய குணக்கேடு கிடையாது, ஊரே இப்படித்தான் பழகியிருக்கிறது. 2019-21-இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். நாடு முழுக்கத் திருமணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் ஆபரேஷன் செய்துகொண்ட குடும்பங்கள் 0.3 சதவீதம். ஆணுறை 9.5. நம் தமிழ்நாட்டில் பெண்களின் ஆபரேஷன் கணக்கு 58-ஐத் தொடுகிறது, ஆண்களுடையது கண்ணுக்கே தெரியாத பின்னம். அதே கணக்கெடுப்பில் "கருத்தடை பெண்கள் சமாச்சாரம், ஆண் அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை" என்பதை ஒப்புக்கொண்ட ஆண்கள் 35 சதவீதம். மூன்றில் ஒருவர். மற்ற இருவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றாலும் வீட்டில் நடப்பது ஒன்றுதான் என்பதை முதல் எண் சொல்லிவிடுகிறது.

அரசு ஆஸ்பத்திரி பிரசவ வார்டில் ஒருநாள் நின்று பார்த்தால் இது எப்படி நடக்கிறது என்று புரியும். இரண்டாவது குழந்தை பிறந்த கையோடு நர்சம்மா வந்து "ஆபரேஷன் பண்ணிக்கிறியா, காப்பர்-டி போட்டுக்கிறியா?" என்று கேட்பார். சிசேரியன் என்றால் வயிற்றைத் தைப்பதற்கு முன்பே குழாயையும் கட்டிவிடலாம், இன்னொரு தடவை கிழிக்க வேண்டாம் என்பது வாதம். தமிழ்நாட்டுப் பிரசவங்களில் ஏறத்தாழ 45 சதவீதம் சிசேரியன் என்பதால் அந்த வாதம் நன்றாகவே எடுபடுகிறது. எப்போதாவது ஒரு டாக்டரம்மா "ஏம்மா, வீட்டுக்காரருக்குப் பண்ணலாமே, பத்து நிமிஷம்தான்" என்று ஆரம்பித்தால், படுத்திருக்கிற பெண் வாயைத் திறக்கும் முன்பே பக்கத்திலிருக்கும் மாமியார் முந்திக்கொள்வார்: "அய்யோ வேண்டாங்கம்மா, அவன் உழைக்கிற உடம்பு, பாரம் தூக்கணும்." தைத்த வயிற்றோடு மூன்றாம் மாதத்தில் தண்ணீர்க் குடம் தூக்கப்போகிறவள் அதைக் கேட்டுக்கொண்டு கிடப்பாள். பல சமயம் அவளே "ஆமாங்க டாக்டர், அவருக்கு வேண்டாம், எனக்கே பண்ணிடுங்க" என்பாள். அது அன்பா, பயமா, பழக்கமா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பத்து நிமிஷக் கணக்கு உண்மை. வாசெக்டமி என்பது ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷன்; அதில் தழும்பில்லாத முறையைச் சீனாவின் சிச்சுவானில் லீ ஷுன்சியாங் என்ற மருத்துவர் 1974-இல் உருவாக்கினார். கத்தியே இல்லை, மரத்துப்போக ஒரு ஊசி, தோலில் ஒரு சின்னத் துளை, தையல் கிடையாது, அன்றே வீட்டுக்கு நடந்து போகலாம். ஹார்மோனில் ஒரு மாற்றமும் வராது, ஆண்மைக்குக் குறை வராது, சில நாள் ஓய்வுக்குப்பின் மூட்டையும் தூக்கலாம். பெண்ணுக்குச் செய்வது வயிற்றைத் திறக்கிற ஆபரேஷன், மயக்க மருந்து, கிருமித்தொற்று அபாயம் என்று ஒவ்வொரு படியிலும் பெரியது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கம் ஒரே முகாமில் ஒரே அறுவை மருத்துவர் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்தார்; ஒரு டஜனுக்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதன்பிறகு 2016-இல் உச்ச நீதிமன்றம் இந்த முகாம் முறையையே மூன்று ஆண்டுகளில் நிறுத்தச் சொன்னது. அந்த 83 பேரின் கணவர்களும் அன்றைக்கு எங்கே இருந்தார்கள் என்று எந்தப் பத்திரிகையும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

ஆண்கள் எப்போதுமே ஒதுங்கி நின்றார்களா என்றால், இல்லை. இதை இளைஞர்கள் மறந்துவிட்டார்கள். 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் கலெக்டர் கிருஷ்ணகுமார் நடத்திய முகாமில் ஒரே மாதத்தில் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் வாசெக்டமி செய்துகொண்டார்கள். அப்புறம் வந்தது நெருக்கடி நிலை. 1976-77-இல் நாடெங்கும் 82 லட்சத்துக்கு மேல் கருத்தடை ஆபரேஷன், அதில் 62 லட்சம் ஆண்கள். கணிசமான பேருக்கு விருப்பத்தோடு நடக்கவில்லை. பிடித்துக்கொண்டு போனார்கள், சம்பளத்தை நிறுத்துவேன் என்று மிரட்டினார்கள். 1977 தேர்தலில் வட இந்தியாவில் காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டதற்கு இது ஒரு பெரிய காரணம். அடுத்த வருஷமே மொத்த எண்ணிக்கை பத்து லட்சத்துக்குக் கீழே விழுந்தது. அதற்குப் பிறகு வந்த எல்லா அரசுகளும் ஒரு பாடம் படித்துக்கொண்டன: ஆண் உடம்பில் கை வைத்தால் ஓட்டுப் போகும். பெண் உடம்பில் கை வைத்தால் போகாது. 1930களில் பெரியார் கர்ப்பத்தடை பற்றிப் பேசியபோது, மற்றவர்கள் நாட்டின் பொருளாதாரத்துக்காகவும் தாயின் ஆரோக்கியத்துக்காகவும் கேட்கிறார்கள், நாம் பெண்ணின் விடுதலைக்காகக் கேட்கிறோம் என்று பிரித்துச் சொன்னார். அரசாங்கம் எடுத்துக்கொண்டது நாட்டின் பொருளாதாரத்தை. இலக்கை எட்ட இன்றும் பெண்ணைத்தான் தேடிப் போகிறார்கள். ஆணுக்குப் பெண்ணைவிடக் கூடுதல் ஊக்கத்தொகை உண்டு, வருஷா வருஷம் நவம்பர் கடைசியில் வாசெக்டமி இருவாரம் என்று பேனர் கட்டுகிறார்கள். பேனருக்குக் கீழே கூட்டம் இருக்காது.

ஆண்கள் ஒதுங்குவதற்கு இன்னொரு காரணமும் கோர்ட்டில் பார்த்திருக்கிறேன். வாசெக்டமி செய்த அன்றே பலன் வராது. குழாயில் ஏற்கெனவே இருக்கிற விந்தணு வெளியேறச் சுமார் மூன்று மாதம் ஆகும். அதன்பின் விந்துப் பரிசோதனை செய்து ஒன்றும் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும், அதுவரை ஆணுறை கட்டாயம். ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் நிறையப் பேர் அந்தப் பரிசோதனைக்குத் திரும்பிப் போவதே இல்லை. இரண்டாவது மாதத்தில் மனைவிக்கு நாள் தள்ளிப்போகும். உடனே "நான்தான் ஆபரேஷன் பண்ணிட்டேனே, இது யாருது?" என்று ஆரம்பிக்கும். ஒரு கட்சிக்காரரிடம் பரிசோதனைச் சீட்டு எங்கே என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்குங்க, டாக்டரே சொன்னாரு" என்றார். அவர் சந்தேகப்பட்டது டாக்டரை இல்லை, தன்னை இல்லை, அவளை. கேரள உயர் நீதிமன்றம் 1980களிலேயே இதுபோன்ற வழக்கில், ஆபரேஷன் செய்தேன் என்பது மட்டும் போதாது, அது பலித்தது என்றும் காட்டு என்று சொல்லிவிட்டது. நியாயமான தீர்ப்பு. ஆனால் தெருவுக்கு அந்தத் தீர்ப்பு போய்ச் சேரவில்லை.

ஆண்களுக்கு ஆணுறையும் ஆபரேஷனும் தவிர வேறு வழி கிடையாதே என்பீர்கள். அது நியாயமான குறைதான். உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு 320 ஆண்களிடம் ஒரு கருத்தடை ஊசி சோதிக்கப்பட்டது. நன்றாகப் பலித்தது. ஆனால் மனநிலைப் பாதிப்பு, முகப்பரு போன்ற பக்கவிளைவுகளால் 2011-இல் மேற்பார்வைக் குழு அதை நிறுத்தியது. பெண்கள் 1960-இலிருந்து மாத்திரையில் சகித்துக்கொண்டு வருகிற அதே பக்கவிளைவுகள் என்று பலர் கேலி செய்தார்கள். கேலி செய்தவர்கள் ஒன்றை விட்டுவிட்டார்கள்: கலந்துகொண்ட ஆண்களில் முக்கால்வாசிக்கும் மேல், கிடைத்தால் தொடர்ந்து போட்டுக்கொள்வோம் என்றுதான் சொன்னார்கள். ஓடியவர்கள் அவர்கள் இல்லை. நம் நாட்டில் காரக்பூர் ஐ.ஐ.டி.யின் சுஜோய் குஹா 1970களிலிருந்து உழைத்த ரிசுக் என்ற ஆண் கருத்தடை ஊசிக்கு, 303 ஆண்களிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனை முடிவு 2023-இல்தான் வெளிவந்தது. 99 சதவீதப் பலன். ஒரு ஆயுள்காலம் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆண் உடம்புக்கான கருத்தடை மேல் காசு போட மருந்து நிறுவனங்களுக்கு ஆர்வமில்லை, அதன் விலையையும் பெண்தான் கொடுக்கிறாள்.

இனி அந்த ஓட்டு விஷயம். கரு உண்டானபிறகு முடிவு யாருடையது?

1971-ஆம் வருஷக் கருக்கலைப்புச் சட்டத்தில் ஆரம்பத்திலிருந்தே ஒரே ஒரு கையெழுத்துத்தான் கேட்கிறார்கள்: பெண்ணுடையது. 'சி' படிவம் என்று ஒன்று, அதில் கணவர் கையெழுத்துக்கு இடமே கிடையாது. 18 வயதுக்குக் குறைந்தவர் அல்லது மனநலம் பாதித்தவர் என்றால் மட்டும் காப்பாளர் கையெழுத்து. 2021 திருத்தத்தில் கருத்தடை தோற்றுப்போன காரணத்துக்காக 20 வாரம்வரை கலைப்பதை 'மணமான பெண்ணும் கணவரும்' என்பதிலிருந்து 'பெண்ணும் அவர் துணையும்' என்று மாற்றினார்கள். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், குறிப்பிட்ட சில பெண்களுக்கு மட்டும் 20-24 வாரத்தில் கலைக்க அனுமதிக்கிற விதிவிலக்கும் கல்யாணமாகாத பெண்ணுக்கு உண்டு என்றது. சட்டம் தெளிவு. ஆஸ்பத்திரி வாசலில் தெளிவு இல்லை. "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவது இன்றும் சர்வசாதாரணம். கல்யாணமாகாத பெண் என்றால் கேட்கவே வேண்டாம், அட்வைஸ் வேறு. உங்கள் நண்பருக்கு ஓட்டில்லை என்று வருந்துகிறீர்கள். சட்டம் கொடுத்த ஓட்டைப் போட விடாமல் தடுக்கப்படுகிற பெண்கள் எங்கள் ஊரில் வரிசையில் நிற்கிறார்கள்.

சட்டத்துக்குள்ளேயே ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 2007-இல் உச்ச நீதிமன்றம் மனரீதியான கொடுமைக்கு ஒரு பட்டியல் போட்டது. மருத்துவக் காரணமில்லாமல், கணவருக்குத் தெரியாமலோ அவர் சம்மதம் இல்லாமலோ மனைவி கருக்கலைப்பு செய்தால் அதுவும் கொடுமையில் வரலாம், விவாகரத்துக்குக் காரணமாகலாம் என்றார்கள். கணவன் சொல்லாமல் ஆபரேஷன் செய்துகொண்டாலும் அப்படியே. (அந்தத் தீர்ப்பில் மனைவி 'வாசெக்டமி' செய்துகொண்டால் என்று அச்சாகியிருக்கும். படிக்கும்போதெல்லாம் சிரிப்பு வரும்.) ஆக, கலைப்பது அவள் உரிமை என்று ஒரு சட்டம் சொல்ல, கேட்காமல் கலைத்தால் தாலிக்கு ஆபத்து என்று இன்னொரு தீர்ப்பு சொல்கிறது. கல்யாணமான ஆணுக்கு நேரடி ஓட்டில்லை என்றாலும் கையில் ஒரு தடி இருக்கிறது.

உங்கள் கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். குழந்தை வேண்டும் என்று ஏங்குகிற கணவன், வேண்டாம் என்கிற மனைவி. அவனுடைய இழப்பு நிஜம், அதைக் கிண்டல் செய்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். ஆனால் இரண்டு பேர் கருத்து வேறாகி, ஒன்றுதான் நடக்க முடியும் என்றால், ஒன்பது மாதம் சுமந்து, வயிறு கிழிபட்டு, வேலையை விட்டு, சில சமயம் உயிரையும் வைத்துப் பெறப்போகிறவள் சொல்வதுதான் செல்லும். சமமாகப் பங்கு போட முடியாத இடம் இது. இதில் பாதிப் பாதி என்று யாராவது ஒரு ஏற்பாடு சொன்னால், அது கடைசியில் ஒருத்தியைக் கட்டாயப்படுத்திப் பெற வைப்பதிலோ கட்டாயப்படுத்திக் கலைக்க வைப்பதிலோதான் போய் முடியும்.

அப்படியானால் பணம்? இங்கேதான் உங்கள் கேள்வி ஒரு இடத்தில் வழுக்குகிறது. ஜீவனாம்சம் அந்தப் பெண்ணின் முடிவுக்கு அபராதம் கட்டுவது கிடையாது. கேட்பது குழந்தை. மனுவில் தாய் கையெழுத்துப் போடுவது குழந்தைக்காக. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவும், 2024 ஜூலையில் அதற்குப் பதில் வந்த புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவும் 'முறையாகப் பிறந்தாலும் முறையின்றிப் பிறந்தாலும்' தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத குழந்தையைத் தகப்பன் காப்பாற்ற வேண்டும் என்கின்றன. பெரியவர்கள் இருவரில் யார் யாரை ஏமாற்றினார்கள், யார் எப்போது வேண்டாம் என்றார்கள் என்பதில் குழந்தைக்குப் பங்கில்லை. தாய்க்கு மட்டும் இலவசமா என்ன? அவளும் தன் சம்பளத்தில் வளர்க்கிறாள், ராத்திரி விழிக்கிறாள். அந்த உழைப்புக்கு ரசீது கிடையாது, அதனால் உங்கள் நண்பருடைய பணம் மட்டும் கண்ணில் படுகிறது.

அந்தப் பணமாவது ஒழுங்காக வருகிறதா என்றால் சிரிப்புத்தான். 2001 வரைக்கும் மாதம் 500 ரூபாய்தான் உச்சவரம்பு. இப்போது வரம்பில்லை. இடைக்கால ஜீவனாம்ச மனுவை நோட்டீஸ் கொடுத்த 60 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. முடிந்த மனுவை விரல்விட்டு எண்ணலாம். உத்தரவு வந்தபின் கட்டாமல் இழுப்பார், பாக்கிக்கு மறுபடி மனு, வாரண்ட், அப்புறம் ஒருநாள் கோர்ட் வராந்தாவில் பாதித் தொகையை எண்ணிக் கொடுத்து "இதை வெச்சு சமாதானமா போங்க" என்பார்கள். 'பதினெட்டு வருஷம் கட்டணும்' என்று நீங்கள் பயப்படுகிற அந்தத் தகப்பனை நான் காகிதத்தில் அடிக்கடி பார்க்கிறேன், ஆளாகப் பார்ப்பது அபூர்வம்.

கல்யாணமாகாத தாய்க்கு அதற்கு முன்னால் இன்னொரு மலை ஏற வேண்டும்: அவர்தான் தகப்பன் என்று நிரூபிப்பது. கல்யாணத்துக்குள் பிறந்தால் 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் தொடங்கி இன்றைய புதிய சட்டத்தின் 116-ஆம் பிரிவுவரை கணவன்தான் தகப்பன் என்பது முடிந்த முடிவு. கரு உண்டாகியிருக்கக்கூடிய காலத்தில் இருவரும் சேரவே வாய்ப்பில்லை என்று காட்டினால் மட்டும் விலக்கு. சும்மா சந்தேகத்துக்கெல்லாம் டி.என்.ஏ. சோதனைக்கு உத்தரவிட மாட்டார்கள். 2025 ஜனவரியில் கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில், உண்மையான தகப்பன் வேறொருவர் என்று தாயும் மகனுமே சொல்லியும், சட்டப்படி கணவன்தான் தகப்பன் என்று உச்ச நீதிமன்றம் முடித்தது. இதில் சில ஆண்களுக்கு அநியாயம் நடக்கவும் செய்யும். 2014-இல் டி.என்.ஏ. முடிவு கையில் இருந்தபோது அதே நீதிமன்றம் கணவனை விடுவித்ததும் உண்டு. உங்கள் ஆதங்கத்துக்கு உண்மையிலேயே இடமுள்ள வழக்குகள் இவைதான், காதலியின் கர்ப்பம் இல்லை.

கல்யாணத்துக்கு வெளியே அந்த ஊகம் எதுவும் உதவிக்கு வராது. மெசேஜ், போட்டோ, ஓட்டல் பில் என்று சேர்த்து, கடைசியில் ரத்த மாதிரி. அவள், குழந்தை, அவர் மூன்று பேரும் அரசு ஆஸ்பத்திரியில் போட்டோ ஒட்டிய படிவத்தில் கையெழுத்திட்டு ரத்தம் கொடுத்து, அது தடய அறிவியல் துறைக்குப் போய், அறிக்கை வரும்வரை வாய்தா மேல் வாய்தா. அவர் ரத்தம் தர மறுத்தால் அவருக்கு எதிராக ஊகித்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. ஆனாலும் இழுக்கலாம். எவ்வளவு இழுக்கலாம் என்பதற்கு நாடறிந்த உதாரணம் என்.டி. திவாரி. உத்தரப் பிரதேசத்துக்கும் உத்தராகண்டுக்கும் முதலமைச்சராக இருந்தவர், ஆந்திர ஆளுநராக இருந்தவர். ரோஹித் சேகர் என்பவர் நான் இவர் மகன் என்று 2008-இல் டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ரத்தம் எடுக்க 2012 மே ஆனது, அதுவும் உச்ச நீதிமன்றம்வரை இழுத்தடித்தபிறகு. ஜூலையில் முடிவு வந்தது: தகப்பன்தான். வாயால் ஒப்புக்கொள்ள 2014 ஆனது. படித்த, வசதியுள்ள, வளர்ந்த மகனுக்கே இந்தப் பாடு. கைக்குழந்தையோடு பஸ் பிடித்துக் கோர்ட்டுக்கு வருகிற பெண்ணின் நிலையை யோசியுங்கள்.

இன்னும் ஒன்று, இதை ஆண்கள் யாரும் சொல்லவே மாட்டார்கள். 1956-ஆம் ஆண்டு இந்து காப்பாளர் சட்டத்தில், கல்யாணத்துக்குள் பிறந்த குழந்தைக்கு முதல் காப்பாளர் தகப்பன், அவருக்கு அடுத்துத்தான் தாய். கல்யாணத்துக்கு வெளியே பிறந்தால் முதலில் தாய், அடுத்துத் தகப்பன். பெருமை இருக்கிற இடத்தில் தகப்பன் முன்னால் நிற்கிறான், சங்கடம் இருக்கிற இடத்தில் பின்னால் போய்விடுகிறான். அதே வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் கல்யாணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை தாய்க்கு மட்டுமே வாரிசு, தகப்பன் சொத்துக்கு வாரிசு கிடையாது (செல்லாத கல்யாணம் என்று ஏதோ ஒன்று நடந்திருந்தால் கணக்கு வேறு). உங்கள் நண்பருக்குச் சட்டம் ஏற்கெனவே நல்ல தள்ளுபடி கொடுத்திருக்கிறது.

'வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிக்கொடுத்துவிட்டால் ஆணுக்குப் பொறுப்பில்லை' என்று ஒரு யோசனை வெளிநாடுகளில் உண்டு. 2016-இல் சுவீடனில் லிபரல் கட்சியின் இளைஞர் பிரிவு ஒன்று, 18-ஆவது வாரம்வரை ஆண் அப்படி விலகிக்கொள்ளலாம் என்று முன்மொழிந்தது. அதே நோக்கத்தோடு அமெரிக்காவின் மிச்சிகனில் 2006-இல் ஒருவர் வழக்கே போட்டார். தனக்குக் கரு தரிக்காது என்று அவள் சொன்னதை நம்பினேன் என்றார். தோற்றார். தனிமனித நியாயம் என்று பார்த்தால் அவர் பேச்சில் கொஞ்சம் சத்து இருக்கிறது, பொய் சொல்லி ஒருவரைத் தகப்பனாக்குவது தப்புத்தான். ஆனால் அவரை விடுவித்தால் அந்தச் செலவு போய் விழுகிற இடம் குழந்தை, இல்லாவிட்டால் வரி கட்டுகிற நீங்களும் நானும். சுவீடனில் அரசு குழந்தைக்கு நிறையச் செய்கிறது, அங்கே பேசிப் பார்க்கலாம். தகப்பன் பெயர் இல்லாவிட்டால் பள்ளிக்கூட அட்மிஷனிலேயே ஏற இறங்கப் பார்க்கிற நம் ஊரில் இந்த யோசனை ஆண்கள் கழன்றுகொள்ள ஒரு படிவம், அவ்வளவுதான். பொய்யும் ஒருபக்கம் மட்டும் கிடையாது. நடுவில் ஆணுறையைக் கழற்றிவிடுகிறவன் உண்டு. கலிபோர்னியா 2021-இல் அதற்கு நஷ்டஈடு கேட்கலாம் என்று சட்டம் போட்டது. நம்மிடம் அதற்கென்று தனிப் பிரிவு இல்லை.

சரி, உங்கள் நண்பர் இப்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். தன் பயத்தையும் விருப்பமின்மையையும் அவர் அவளிடம் நேராகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஒருமுறை சொன்னால் போதும். "இப்ப கலைச்சிட்டு வா, அடுத்த வருஷம் கல்யாணம் பண்ணிக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம். எண்ணமில்லாமல் கல்யாண ஆசை காட்டி உறவு வைத்ததற்குப் புதிய தண்டனைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவில் பத்து வருஷம்வரை சிறை உண்டு. அந்த வாக்கியம் வாட்ஸாப்பில் இருந்தால் அதுவே அவருக்கு எதிரான முதல் சாட்சி. அவள் சம்மதமில்லாமல் ஏதாவது மாத்திரையைக் கலந்து கொடுக்கிற புத்தி யாராவது சொன்னால் அவர்களிடமிருந்து விலகச் சொல்லுங்கள், 89-ஆம் பிரிவில் ஆயுள்வரை போகும். அவளுக்கு 18 முடிந்துவிட்டதல்லவா? முடியவில்லை என்றால் இந்தப் பதிலை இங்கேயே நிறுத்திவிட்டு உடனே ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள், போக்சோவில் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அவள் பெறுவது என்று முடிவாகிவிட்டால், பரிசோதனைகளுக்கும் பிரசவத்துக்கும் பாதிச் செலவை இப்போதே, கேட்கும் முன்பே, வங்கி வழியாக அனுப்பட்டும். அது பிறகு அவருக்கே சாட்சி. குழந்தையைப் பார்க்கும் உரிமை நாளைக்குத் தேவை என்றால் இன்றைக்கே தகப்பன் என்று எழுத்தில் ஒப்புக்கொள்வதுதான் வழி. கோர்ட்டில் மூன்று வருஷம் "எனக்குப் பிறந்ததல்ல" என்று வாதாடிவிட்டு, தோற்றபின் பிள்ளையைப் பார்க்கணும் என்று மனுப் போடுகிறவர்களை நீதிபதிகள் எப்படிப் பார்ப்பார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன். மாதத் தொகையை இருவரும் உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ளலாம், கோர்ட் தேவையில்லை. தாயின் சம்பளத்தையும் கணக்கில் சேர்த்தே பேசுங்கள், அது தப்பில்லை. குழந்தைக்குச் சொத்தில் ஏதாவது சேர வேண்டும் என்று அவருக்குத் தோன்றினால் ஒரு உயில் எழுத வேண்டியிருக்கும், தானாகச் சேராது. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளே போதும், இரண்டு சாட்சிக் கையெழுத்து வேண்டும்.